வில்மாவோடு கதை முடியவில்லை: டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரிகளும் எட் டெம்பிளும்

தடகளரசிகன்:

வில்மா ருடால்ஃபின் கதை நம்மில் பலருக்கு மனப்பாடம். போலியோவில் கால் முடங்கிய சிறுமி, காலில் இரும்புப் பட்டை, பிறகு 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம். மேடைப் பேச்சாளர்கள் இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பேச்சில் அவர் படித்த பல்கலைக்கழகம் வராது, பயிற்சியாளர் வரமாட்டார், கூட ஓடிய பெண்களும் வரமாட்டார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அதனால்தான் இந்த இழை.

நாஷ்வில் நகரத்தில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம், 1912-ல் கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி. வில்மா படித்தபோது வேளாண்மை, தொழில் என்ற சொற்களும் அதன் பெயரில் இருந்தன. அங்கே பெண்கள் தடகள அணியை 'டைகர்பெல்ஸ்' என்பார்கள். 1950-களின் தொடக்கத்திலிருந்து 1994 வரை அந்த அணிக்கு ஒரே பயிற்சியாளர், எட் டெம்பிள். அவர் கையில் வளர்ந்த 40 பேர் ஒலிம்பிக்ஸுக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்தவை 23 பதக்கங்கள், அவற்றில் 13 தங்கம்.

ரோமில் 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மார்த்தா ஹட்சன், பார்பரா ஜோன்ஸ், லூசிண்டா வில்லியம்ஸ், வில்மா ஆகிய நால்வரும் இந்த ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவிகள். அந்த ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் தடகளத்தில் வாங்கிய மொத்தப் பதக்கமே நாலு. எர்லீன் பிரவுன் குண்டு எறிதலில் வாங்கிய வெண்கலத்தைத் தள்ளிவிட்டால், மீதி மூன்று தங்கமும் நாஷ்விலிலிருந்து போனவை. பணம் கொட்டிக்கிடக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் எத்தனையோ இருந்த நாட்டில் இது எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நெல்லைவாசி:

நல்ல இழை. ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வில்மா போன்ற ஒருவர் எங்கே போயிருந்தாலும் ஜெயித்திருப்பார். 1960 ஜூலையில் டெக்ஸாஸில் 200 மீட்டரை 22.9 விநாடியில் ஓடினார். 23 விநாடிக்குக் கீழே ஓடிய முதல் பெண் அவர்தான். ரோமில் தொடர் ஓட்டத்தின் கடைசிக் கைமாற்றலில் பேட்டன் சரியாகக் கைக்கு வரவில்லை. கிட்டத்தட்ட நின்று வாங்கிக்கொண்டு, அப்புறம் ஓடி ஜெர்மனியின் யூட்டா ஹைனேயை முந்தினார். இந்த வேகத்தை எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அபூர்வமான ஒரு பிறவி ஒரு கல்லூரிக்கு வாய்த்தால் அந்தக் கல்லூரிக்கும் பெயர் வரும். அதைப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதுவது சரியா?

பொன்னி:

நெல்லை அண்ணே, ஒரு வில்மா மட்டும் என்றால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொண்டிருப்பேன். பெண்கள் 100 மீட்டர் தங்கத்தை வரிசையாகப் பாருங்கள். 1960 ரோமில் வில்மா ருடால்ஃப். 1964 டோக்கியோவில் வயோமியா டயஸ். 1968 மெக்சிகோ சிட்டியில் மறுபடியும் வயோமியா டயஸ். மூன்று ஒலிம்பிக்ஸ், ஒரே பல்கலைக்கழகம். 200 மீட்டரில் 1960-ல் வில்மா, 1964-ல் எடித் மெக்கையர். அவரும் அங்கேதான் படித்தார். டோக்கியோ 100 மீட்டரில் தங்கம் வயோமியாவுக்கு, வெள்ளி எடித்துக்கு. நாஷ்விலில் ஒரே மைதானத்தில் ஓடிப் பழகிய இருவர் உலகத்தின் முதல் இரண்டு இடத்தில் நிற்கிறார்கள்.

பிறகு 1968-ல் 800 மீட்டர் தங்கம் மேட்லின் மேனிங்குக்கு. அதுவரை எந்த அமெரிக்கப் பெண்ணும் அந்தத் தூரத்தில் தங்கம் வாங்கியதில்லை. அவருக்குப் பிறகு அடுத்தவர் வர 2021 ஆகிவிட்டது, டோக்கியோவில் அதிங் மூ. 100 மீட்டர்க்காரிகளுக்குப் பெயர்போன ஓர் இடத்திலிருந்து 800 மீட்டருக்கும் ஒருத்தி வருகிறாள் என்றால் அதைப் பிறவி அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

பி.டி. மாஸ்டர்:

பள்ளியில் பிள்ளைகளை ஓடவைத்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். டெம்பிளிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவருக்கு என்ன இருந்தது என்று பார்ப்போம். சொல்லப்போனால் ஒன்றும் இல்லை. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் பிறந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஓட்டக்காரராகப் படிக்க வந்தவர். படிப்பு முடிந்ததும் பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே வளாகத்துத் தபால் அலுவலகத்தையும் அவரே கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 150 டாலர். அப்புறம் சமூகவியல் பாடமும் நடத்தினார். மைதானம் என்பது முழுசாக முடிக்கப்படாத மண் டிராக். அதில் சுண்ணாம்புக் கோட்டை அவரேதான் போட்டுக்கொள்வார்.

பெண்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. அதற்குப் பதில் வேலை உதவி என்று ஓர் ஏற்பாடு. தினமும் இரண்டு மணி நேரம் வளாகத்தில் ஏதாவது அலுவலகத்திலோ வேறு இடத்திலோ வேலை பார்த்தால் அது படிப்புச் செலவுக்குப் போகும். ஆக, அந்தப் பெண்களின் ஒரு நாள் என்பது வகுப்பு, வேலை, பயிற்சி மூன்றும் சேர்ந்தது. இப்படித் தன் செலவைத் தானே உழைத்துக் கட்டிய மாணவிகள்தான் உலக சாதனை படைத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

இனி அவர் செய்த முக்கியமான காரியம், என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரியது, கோடை கேம்ப். பள்ளி படிக்கும் பெண்களைக் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்துக் கல்லூரி மாணவிகளோடு ஓடவைத்தார். வில்மாவை அவர் முதலில் பார்த்தது ஓட்டப் பந்தயத்தில்கூட இல்லை. கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போன இடத்தில் பார்த்தார். கிளார்க்ஸ்வில் ஊரிலிருந்து வந்த, ஒல்லியாக உயரமாக இருந்த அந்தப் பெண்ணின் கால் போகும் விதம் அவர் கண்ணில் பட்டது. உடனே கேம்புக்கு அழைத்துவிட்டார். எடித், வயோமியா இருவரும் இந்தக் கேம்ப் வழியாக வந்தவர்கள்தான்.

கேம்பில் விடியற்காலையிலேயே ஓட்டம் தொடங்கிவிடும். வெயில் ஏறியபின் மறுபடியும். பயிற்சிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் ஒரு சுற்று கூடுதலாக ஓடவேண்டும். வில்மா ஒருநாள் அரைமணி நேரம் தூங்கிப்போய்விட்டு வந்தார். முப்பது சுற்று ஓடவைத்தார். மறுநாள் வில்மா அரைமணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாராம்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒரு பதினைந்து வயதுப் பெண் தினமும் காலையில் பக்கத்து லேனில் ஒலிம்பிக் பதக்கக்காரியைப் பார்க்கிறாள். அவளிடம் தோற்கிறாள், மறுநாள் கொஞ்சம் குறைவான இடைவெளியில் தோற்கிறாள். இப்படி ஓடிப் பழகியவளுக்கு ஒலிம்பிக் இறுதிப் போட்டி புது இடமாகவே இருக்காது. நல்ல பாலுக்குப் பழைய மோரை உறை ஊற்றுவது போலத்தான் இது. மூத்தவள் ஒருத்தி இருந்தால் போதும், அடுத்த வரிசை தானாகத் தோய்ந்து வரும். தனி ஒருவருக்கு லட்சக்கணக்கில் செலவழித்து வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதைவிட இது பலமடங்கு பலன் தரும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கரிசல்காடு:

மாஸ்டர் எழுதியதில் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். அவர்கள் வாழ்ந்தது இனப்பிரிவினைச் சட்டம் அமலில் இருந்த தெற்கில். போட்டிக்குப் போகும்போது காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மைல் போவார்கள். வழியில் எந்த ஓட்டலிலும் உள்ளே விடமாட்டார்கள், கழிப்பறையும் கிடையாது. கிளம்பும்போதே சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஒதுங்க வேண்டுமென்றால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுப்பக்கம் போகவேண்டும். இப்படிப் போய் இறங்கித்தான் பந்தயத்தில் நின்றார்கள். 1956 மெல்போர்னில் 4x100 வெண்கலம் வாங்கிய மே ஃபாக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், வில்மா, இசபெல் டேனியல்ஸ் நால்வருமே டைகர்பெல்ஸ். நாட்டுக்காகப் பதக்கம் வாங்கிவந்த இவர்களுக்குச் சொந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்து காபி குடிக்க இடமில்லை.

ரோமிலிருந்து வில்மா திரும்பியபோது கிளார்க்ஸ்வில்லில் வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். வெள்ளையர், கருப்பினத்தவர் என்று பிரித்து நடத்துவதாக இருந்தால் தான் வரப்போவதில்லை என்று வில்மா சொல்லிவிட்டார். இருபது வயதுப் பெண். ஊர் பணிந்தது. அந்த ஊர்வலமும் விருந்தும்தான் கிளார்க்ஸ்வில்லில் இரு சாராரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் நிகழ்ச்சிகள். என்னைக் கேட்டால், மூன்று தங்கத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய வெற்றி இது.

நெல்லைவாசி:

கரிசல் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. இதே ரோமில்தான் மில்கா சிங் 400 மீட்டரில் நாலாவதாக வந்தார். நாம் இன்றுவரை அதைப் பேசுகிறோம். வயோமியா இரண்டு ஒலிம்பிக்ஸில் தொடர்ந்து 100 மீட்டர் தங்கம் வாங்கியிருக்கிறார் என்று பொன்னி எழுதித்தான் எனக்குத் தெரியும். தடகளம் விரும்பிப் பார்க்கிற எனக்கே இந்தப் பெயர் எப்படி வந்து சேராமல் போனது? பொன்னி, கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

பொன்னி:

எழுதுகிறேன் அண்ணே. எனக்கு மிகப் பிடித்த ஓட்டக்காரி அவர்தான்.

வயோமியா ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் ஊர்க்காரர். பால்பண்ணை ஒன்றில் அப்பாவுக்கு வேலை, குடும்பமும் அங்கேயே. மூன்று அண்ணன்களுக்கு இளையவர். அண்ணன்கள் ஆடும் எல்லா ஆட்டத்திலும் இவளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். 15 வயதில் அந்த அப்பா இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் யாரோடும் பேசாமல் இருந்த பெண்ணுக்கு ஓட்டம்தான் பிடிமானமாக இருந்தது. டோக்கியோவுக்குப் போனபோது வயது 19. எல்லோரும் எடித்தைத்தான் எதிர்பார்த்தார்கள். வயோமியா ஆரம்பச் சுற்றிலேயே வில்மாவின் 11.2 விநாடி உலக சாதனையைச் சமன் செய்து, இறுதியில் தங்கமும் வாங்கிவிட்டார்.

நாலு வருடம் கழித்து மெக்சிகோ. 11.0 விநாடி, புதிய உலக சாதனை. ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி, 100 மீட்டர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் மனிதர் இவர். அடுத்து ஒருவர் இதைச் செய்ய இருபது வருடம் ஆனது, 1988-ல் கார்ல் லூயிஸ். இன்று உசைன் போல்ட், ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் என்று பேசுகிறோமே, அந்த வரிசையின் தலையில் நிற்பவர் வயோமியா.

அப்புறம் ஏன் பெயர் வரவில்லை? 1968 மெக்சிகோ என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது கருப்பின அமெரிக்க ஓட்டக்காரர்களான டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பதக்க மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டியை உயர்த்திய காட்சி. அது வரலாறு, அதன் மரியாதையை நான் குறைக்கவே மாட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாள் வயோமியா 100 மீட்டர் இறுதியில் அணியின் வெள்ளைக் கால்சட்டையைப் போடாமல் அடர்நிறக் கால்சட்டையோடு ஓடினார். அதுவும் எதிர்ப்புதான். சில நாள் கழித்து 4x100-லும் தங்கம் வாங்கினார். இதற்குள் ஸ்மித்தையும் கார்லோஸையும் அணியிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அந்த இருவருக்கும் தன் தங்கத்தைக் காணிக்கையாக்குவதாகப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். இத்தனைக்கும் அந்தப் போராட்டத்தைத் திட்டமிட்டவர்கள் பெண் வீராங்கனைகளைக் கூப்பிட்டுக் கலந்து பேசவே இல்லை. கூப்பிடாதவர்களுக்காகவும் அவர் நின்றார்.

ஊர் திரும்பியபின் விளம்பர வாய்ப்புகள் எதுவும் கதவைத் தட்டவில்லை. கருப்பினத்தவர், அதிலும் பெண். 1974-ல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கோடு சேர்ந்து பெண்கள் விளையாட்டு அறக்கட்டளை தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியைச் சுமந்து வந்தவர்களிலும் ஒருவர். கிரிஃபினில் இப்போது அவர் பெயரில் பெரிய பூங்கா இருக்கிறது.

மீன்கொடி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொன்னி அக்காவின் பதிவு அருமை. ஆனால் டெம்பிளைப் பற்றி எல்லோரும் புகழ்ந்துகொண்டே போவதால் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. தன் அணிப் பெண்கள் அனுமதி இல்லாமல் யாருடைய காரிலும் ஏறக்கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். பந்தயம் முடிந்து படம் எடுக்கும் முன் தலை வாரி, முகம் திருத்தித்தான் நிற்கவேண்டும். பெண்மை குலையாமல் இருக்கவேண்டும் என்று அடிக்கடி பேசுவார். பிள்ளை பெற்ற பெண்களை அணியில் வைத்துக்கொள்வதில்லை என்பதும் அவர் வழக்கம். ஆண்கள் அணிக்கு இப்படியெல்லாம் யாராவது விதி வைத்தார்களா? நான் கல்லூரியில் ஓடிய காலத்திலும் எங்களை இப்படித்தான் காவல் காத்தார்கள். ஓட்டத்தைவிட உடையைப் பற்றித்தான் பேச்சு அதிகம். அது பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த கட்டுப்பாடு. பதக்கம் வந்துவிட்டது என்பதற்காக அதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பி.டி. மாஸ்டர்:

கேட்கவேண்டிய கேள்விதான் மீன்கொடி. என் எண்ணம் இது. அந்தக் காலத்தில் ஓடுகிற பெண்ணைப் பார்த்து ஆம்பளைத்தனம் என்று சொல்வார்கள். அதிலும் கருப்பினப் பெண் என்றால் இரட்டைப் பழி. பத்திரிகைக்காரன் எழுதும் ஒரு வரியில் அந்தப் பெண்ணின் படிப்பும் வேலையும் போய்விடக்கூடும். காரில் ஏறுவது என்பது 1950-களின் தெற்கில் ஒரு கருப்பினப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்தான காரியம். தன் மகளாக நினைத்து அவர் பயந்தார். அவரும் மனைவி சார்லி பி.யும் அந்தப் பெண்களை வீட்டுப் பிள்ளைகளாகத்தான் நடத்தினார்கள்.

வில்மா விஷயத்தில் விதியைத் தளர்த்தியதையும் பாருங்கள். 1958-ல் பள்ளி முடிக்கும் நேரத்தில் வில்மாவுக்குக் குழந்தை பிறந்தது. அதோடு அவர் ஓட்டம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்திருக்கும். குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ள, டெம்பிள் அவரைச் சேர்த்துக்கொண்டார். இரண்டே வருடத்தில் ரோம்.

மீன்கொடி:

மாஸ்டர், வில்மாவுக்குத் தளர்த்தினார் சரி. வில்மா அளவுக்கு வேகமாக ஓடாத ஒரு தாய்க்குத் தளர்த்தியிருப்பாரா? வெளியே இருந்த ஆபத்துக்கு உள்ளே இருந்த பெண் விலை கொடுத்தாள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அவர் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. வயோமியாவே அவரைப் பெரும் மதிப்போடுதான் பேசியிருக்கிறார். ஆனால் இந்த விதிகளை இன்றைக்கு யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேம்பை எடுத்துக்கொள்ளுங்கள், படிப்பில் அவர் காட்டிய பிடிவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடைக்குள்பந்து:

பெண்கள் ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதே வளாகத்தில் அதே வருடங்களில் இன்னொரு மகத்தான பயிற்சியாளர் இருந்தார். ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர். கருப்பினத்தவர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆட விடவில்லை. 1944-ல் வட கரோலைனாவில் தன் கருப்பினக் கல்லூரி அணியையும் டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியையும் பூட்டிய அரங்குக்குள் ரகசியமாக மோதவைத்தார். வெளியே தெரிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மெக்லெண்டன் அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

அவர் நாஷ்விலுக்கு வந்தபின் 1957, 1958, 1959 என மூன்று வருடம் தொடர்ந்து, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ.வின் தேசியப் பட்டம். இரு இனத்தவரும் ஆடும் தேசியப் போட்டியில் பட்டம் வென்ற முதல் கருப்பினக் கல்லூரி இதுதான். பந்து கையில் வந்ததும் முழு வேகத்தில் எதிர்க்கூடைக்குப் பாயும் ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் மெக்லெண்டன். இன்று உலகம் முழுக்க ஆடுவது அந்த ஆட்டம்தான். அந்த அணியின் நட்சத்திரம் டிக் பார்னெட். பிறகு நியூயார்க் நிக்ஸ் அணிக்காக 1970, 1973 இரண்டு என்.பி.ஏ. பட்டங்களிலும் இருந்தவர். ஆட்டம் முடிந்தபின் முனைவர் பட்டமும் வாங்கினார்.

அமெரிக்கக் கால்பந்து எனக்கு அவ்வளவு பிடிபடாது. ஆனாலும் 1974-ல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட எட் 'டூ டால்' ஜோன்ஸ் இங்கே படித்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தடகளரசிகன்:

கூடைக்குள்பந்து, நன்றி. ஆண்கள் தடகளத்திலும் ஒருவர் இருக்கிறார். ரால்ஃப் பாஸ்டன். 1960 ஆகஸ்டில் நீளம் தாண்டுதலில் ஜெஸ்ஸி ஓவன்ஸின் 8.13 மீட்டர் சாதனையை 8.21 மீட்டர் தாண்டி முறியடித்தார். 1935-லிருந்து 25 வருடம் யாரும் தொடாமல் நின்ற சாதனை அது. அடுத்த மாதமே ரோமில் தங்கம். பிறகு டோக்கியோவில் வெள்ளி, மெக்சிகோவில் வெண்கலம். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த நாளில் அந்த மூன்றாவது இடம்.

இன்னொரு விஷயம். டெம்பிள் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. அவருக்கு முன்பே 1948 லண்டனில் 200 மீட்டர் வெண்கலம் வாங்கிய ஆட்ரி பேட்டர்சன் இதே பல்கலைக்கழகம்தான். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கக் கருப்பினப் பெண் அவர். அப்போது பெண்கள் தடகளத்தில் கொடிகட்டிப் பறந்தது அலபாமாவின் டஸ்கீகி கல்லூரி. உயரம் தாண்டுதலில் அதே லண்டனில் தங்கம் வாங்கிய ஆலிஸ் கோச்மன் அங்கே படித்தவர். வெள்ளையர் கல்லூரிகள் பெண்கள் ஓடுவதையே கௌரவக் குறைச்சலாக நினைத்து ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், கருப்பினக் கல்லூரிகள்தான் அந்த விளக்கை அணையாமல் வைத்திருந்தன.

கரிசல்காடு:

மாநிலப் பல்கலைக்கழகம் என்று பேசினால் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சொல்லவேண்டும். பட் வின்டர் என்ற பயிற்சியாளர், டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ், 400 மீட்டரை 43.86-ல் ஓடிய லீ எவன்ஸ். அவர்கள் இடத்துக்கு 'வேக நகரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது ஒரு பத்து, இருபது வருட அலை. டெம்பிள் நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார்.

நெல்லைவாசி:

அப்படியானால் அந்த வெற்றி வரிசை ஏன் நின்றது? 1970-களுக்குப் பிறகு பெயர்கள் குறைகிறதே.

பொன்னி:

1972-ல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள் பெண்களுக்கு விளையாட்டில் சமவாய்ப்பு தரவேண்டும் என்றானது. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணி தொடங்கி முழு ஸ்காலர்ஷிப் தர ஆரம்பித்தன. முன்பு ஒரு கருப்பினப் பெண் ஓட நினைத்தால் நாஷ்விலோ டஸ்கீகியோதான். இப்போது கலிபோர்னியாவிலிருந்து டெக்ஸாஸ் வரை எல்லாக் கதவும் திறந்தது. பெண்களுக்கு அது நல்லது. ஆனால் யாரும் தராதபோது இடம் தந்த சின்னப் பல்கலைக்கழகம் போட்டி போட முடியாமல் பின்னால் போனது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

என்றாலும் வரிசை அறுந்துவிடவில்லை. சாண்ட்ரா சீஸ்பரோ என்று ஒருவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டரில் 49.05 விநாடியில் வெள்ளி, அப்புறம் 4x100, 4x400 இரண்டு தொடர் ஓட்டத்திலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டிலும் தங்கம் வாங்கிய முதல் பெண். அந்த 4x400 இறுதிப் போட்டியில் நம் அணியும் இருந்தது. பி.டி. உஷா, ஷைனி ஆபிரகாம், எம்.டி. வல்சம்மா, வந்தனா ராவ். ஏழாவதாக வந்தார்கள், ஆசிய சாதனை. நம் உஷா ஓடிய அதே பந்தயத்தில் முதலாவதாக முடித்த அணியில் டெம்பிளின் மாணவி இருந்தார். 1994-ல் டெம்பிள் ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்பு சீஸ்பரோவிடம்தான் வந்தது.

மீன்கொடி:

உஷா அந்த இறுதியில் இருந்தது தெரியும், எதிரே ஓடியவர்கள் யார் என்று யோசித்ததே இல்லை. ஒரு கேள்வி. ஓடி முடித்தபின் இந்தப் பெண்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? நம் ஊரில் பதக்கக்காரிகள் பலர் பிற்காலத்தில் சிரமப்படுவதைப் பார்க்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்.

பி.டி. மாஸ்டர்:

டெம்பிள் தன் பதக்கக் கணக்கைவிட அதிகம் பெருமைப்பட்டது இதில்தான். 40 ஒலிம்பியன்களில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள். படிப்பில் பின்தங்கினால் எவ்வளவு வேகமானவளாக இருந்தாலும் அவரிடம் காலம் தள்ள முடியாது. ஒலிம்பிக்ஸ் முடிந்து வில்மா ஐரோப்பாவெல்லாம் சுற்றிவந்தார், உலகப் புகழ். இருந்தும் திரும்பி வந்து 1963-ல் தொடக்கக் கல்வியில் பட்டத்தை முடித்தார்.

பலர் ஆசிரியைகள் ஆனார்கள். மே ஃபாக்ஸ் ஒஹாயோவில் பள்ளி ஆசிரியை. 16 வயதில் லண்டன் போய், 1952 ஹெல்சிங்கியில் 4x100 தங்கம் வாங்கி, அப்புறம்தான் நாஷ்விலில் சேர்ந்தார். மெல்போர்னுக்குப் போனபோது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக்ஸ். பள்ளிச் சிறுமியாக இருந்த வில்மாவைக் கையைப் பிடித்து வழிநடத்தியது அவர்தான். மூத்தவள், இளையவள் என்று மேலே எழுதினேனே, அந்த ஏற்பாட்டின் முதல் மூத்தவள் மே ஃபாக்ஸ். லூசிண்டா வில்லியம்ஸ் டேடன் நகரப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் நிர்வாகியாகவும் இருந்தார். எடித் மெக்கையர் டெட்ராய்ட்டில் பாடம் நடத்திவிட்டு, பிறகு கணவரோடு கலிபோர்னியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் நடத்தினார். மேட்லின் மேனிங் விளையாட்டு வீரர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாகப் பல ஒலிம்பிக்ஸுக்குப் போனார்.

மீன்கொடி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். எங்கள் பள்ளியில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டை நான் முதலில் வாங்கிப் பார்ப்பதும் டெம்பிளைப் படித்தபிறகுதான். பெற்றோர் சிலருக்கு அது பிடிப்பதில்லை, ஓடத்தானே அனுப்பினோம் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நான் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை.